குத்தூசியும் குட்டி டிராக்டரும்

என் அக்காவின் வலது தோளில் அறுவை சிகிச்சை முடிந்து, கையைத் துணித் தொட்டிலில் தொங்கவிட்டபடி அவள் வீட்டில் உட்கார்ந்திருந்த நேரமாகப் பார்த்து, அண்ணன் அளவு நாடாவோடு வந்து நின்றார். கூடவே கிடங்குக்காரரும் வந்தார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி நிலத்தின் பின்சுவரைத் தாண்டினால் அவருடைய கிடங்குதான். சுவரை இடித்து எங்கள் நிலத்தையும் சேர்த்துக்கொண்டால் அவருக்குச் சரக்கு அடுக்க இன்னொரு கொட்டகை கிடைக்கும், எங்களுக்கு மாதாமாதம் வாடகை வரும். அண்ணன் இதை ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சொல்வதற்கு வரவில்லை, அளப்பதற்கே வந்துவிட்டார்.

காலி நிலம் என்று நான் எழுதியது அண்ணனுடைய வார்த்தை. அதில் தக்காளி இருந்தது, வெங்காயம் இருந்தது, ஓரத்தில் பூசணிக்கொடி ஊரையே வளைத்துப் போடுகிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அதைக் காலி என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

கிடங்குக்காரர் நிலத்தின் குறுக்கே மர முளைகளை அடித்து, அவற்றை இணைத்து நூலும் கட்டினார். தக்காளிப் பாத்தியின் நடுவில் ஒரு முளை இறங்கியபோது அக்கா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கத்தப் போனேன். அவள் தன் நல்ல கையால் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அண்ணன் கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடமே. கெட்டவராக இருந்திருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவருக்குத் தங்கைகள் இரண்டு பேரும் கஷ்டப்படக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் எங்களுக்கு எது கஷ்டம் என்பதையும் அவரே முடிவு செய்துவிடுவார். நிலம் மூன்று பேர் பெயரிலும் இருந்தது. அப்பா போன பிறகு, அக்கா பயிர் வைக்கிறவரை அதை யாரும் தொடுவதில்லை என்று வாய்ப்பேச்சாக ஓர் ஏற்பாடு. இப்போது அக்காவால் மண்வெட்டி பிடிக்க முடியாது. அண்ணன் அந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே வந்தார்.

"இந்தக் கையை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற? இனிமே மண்வெட்டியைத் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு" என்றார்.

"மண்வெட்டியைத்தான் தொடக் கூடாதுன்னார். மண்ணைத் தொடக் கூடாதுன்னு சொல்லலையே" என்றாள் அக்கா.

பேச்சு வளர்ந்தது. கடைசியில் அண்ணனுக்குப் பொறுமை போய், ஒரு சவால் விட்டார். முதல் நல்ல மழை விழுந்ததும் நிலம் முழுவதையும் அவளே உழுது காட்ட வேண்டும். கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது. காட்டிவிட்டால் அவர் இதைப் பற்றி இனி வாயே திறக்க மாட்டார். முடியாவிட்டால் அவள் மறுபேச்சு இல்லாமல் கையெழுத்துப் போட வேண்டும். அக்கா யோசிக்கக்கூட இல்லை, சரி என்றாள். அண்ணன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. காரணம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையிலான சந்து வழியாகத்தான் நிலத்துக்குப் போக முடியும். சந்தின் முடிவில் இரண்டு தூண்களுக்கு நடுவே ஓர் இரும்புக் கதவு. தள்ளுவண்டி நுழையும், அதற்கு மேல் ஒன்றும் நுழையாது. உழவு டிராக்டர் எதுவும் அங்கே வரவே முடியாது. தூணில் ஒன்று பக்கத்து வீட்டுக்காரருடையது, அதைத் தொட்டால் அவர் ஒரு வருஷத்துக்குப் பேசுவார்.

அவர்கள் போனதும் நான் முளைகளைப் பிடுங்கப் போனேன். அக்கா விடவில்லை.

"இருக்கட்டும்டி. இப்ப பிடுங்கினா கோபத்துல பிடுங்கினதாத்தான் ஆகும்."

அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அவள் குஷன் கடையில் வேலை செய்கிறாள். கார், வேன், பஸ் இருக்கைகளுக்கு உறை வெட்டித் தைக்கிற கடை. ஆரம்பத்தில் பழைய இருக்கைகளிலிருந்து ஆணி பிடுங்கும் வேலைக்குத்தான் சேர்ந்தாள், இப்போது அங்கே வெட்டுவது முழுக்க அவள் பொறுப்பு. தடித்த ரெக்ஸினைக் குத்தித் தைக்கிற நீளமான ஊசியை எப்போதும் கொண்டையில் செருகி வைத்திருப்பாள். அதனால் அந்த மெக்கானிக் தெருவில் அவளுக்குக் குத்தூசி என்று பெயர். ஊசிக்காக வைத்த பெயர் என்று அவளிடம் சொல்வார்கள். நாக்குக்காக வைத்த பெயர் என்று என்னிடம் சொல்வார்கள்.

கல்யாணமும் ஆயிற்று. வேலையை விடு, இல்லையென்றால் என்னை விடு என்று மாப்பிள்ளை ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாராம். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு வந்துவிட்டாள். அதைப் பற்றி வருத்தம் உண்டா என்று கேட்டால், அன்றைக்குக் குழம்பு நன்றாக இருந்தது என்பாள்.

ரெக்ஸினை வெட்டுவதில் ஒரு முறை இருக்கிறது. முகப்புப் பக்கத்தில் சாக்பீஸ் படக் கூடாது, கறை போகாது. அதனால் துணியைத் திருப்பிப் போட்டு உள்பக்கத்தில்தான் கோடு போட வேண்டும். திருப்பிப் போட்டால் இடது வலதாகிவிடும். புதிதாக வருகிறவர்கள் இதில் தடுமாறி, டிரைவர் இருக்கைக்கு வெட்ட வேண்டியதைப் பக்கத்து இருக்கைக்கு வெட்டிவிட்டு முழிப்பார்கள். அக்கா ஒருநாளும் தடுமாறியதில்லை. பேசிக்கொண்டே, வேறு எங்கோ பார்த்துக்கொண்டே, இடதை வலதாக்கிக் கோடு போட்டுவிடுவாள்.

நாள் முழுக்கப் பசை நாற்றத்திலும் பஞ்சுத் தூசியிலும் குனிந்து கிடந்துவிட்டு, வந்ததும் நேராகப் பின்பக்கம் போவாள். அங்கே அவளுக்கு முதலாளி இல்லை, வாடிக்கையாளர் இல்லை, அண்ணன் இல்லை. 'எனக்கு மேல யாரும் இல்லாத ஒரே இடம் அதுதான்டி' என்று ஒருமுறை சொன்னாள். எனக்குச் செடி கொடியில் பெரிய ஆர்வம் எல்லாம் கிடையாது. நான் மருந்துக் கடையில் கல்லாவில் உட்காருகிறவள், மாலையில் கால் நீட்டி உட்காரத்தான் பிடிக்கும். ஆனால் அக்காவிடமிருந்து அந்த நிலத்தைப் பிடுங்கினால் அவளிடம் மிச்சம் என்ன இருக்கும்? அதனால் என் பங்குக்கு அண்ணன் கையெழுத்துக் கேட்டபோது, பேனாவில் மை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அக்கா ஒரு டிராக்டரைக் கண்டுபிடித்தது பழைய இரும்புக் கடையின் பின்புறத்தில். உழவு டிராக்டர் இல்லை, தோட்ட டிராக்டர். உட்கார்ந்தால் நம் முழங்கால் நம் தாடையைத் தொடும், அவ்வளவு குட்டி. ஏதோ ஒரு பெரிய பங்களாவில் புல் வெட்டுவதற்கும் மண் கிளறுவதற்கும் எந்தக் காலத்திலோ வாங்கியது. பங்களாவை இடித்தபோது ஜன்னல் கம்பிகளோடு சேர்ந்து இதுவும் வந்திருக்கிறது. ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் இஞ்சின், பின்னால் மாட்ட ஒற்றைக் கொழுக் கலப்பை, அதை ஏற்றி இறக்க ஒரு நெம்புகோல். எல்லாம் இருந்தன, எதுவும் வேலை செய்யவில்லை. அக்கா முதலில் அதன் அகலத்தைத்தான் அளந்தாள். எங்கள் கதவுக்குள் நுழையும். கடைக்காரரின் வேன் இருக்கைகள் பஞ்சு தெரியக் கிழிந்து கிடந்தன. அவற்றுக்கு உறை தைத்துக் கொடுத்து டிராக்டரை எடுத்துக்கொண்டாள். தைத்தது இடது கையால். வலது கைக்குத் துணி பிடிக்கிற வேலை மட்டும்.

வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், இருக்கைக்குப் புது உறை தைத்தது. கருநீல ரெக்ஸின், வெள்ளை நூலில் இரட்டைத் தையல். இஞ்சின் உருளுமா என்றே தெரியாத வண்டிக்கு இருக்கை மட்டும் மாப்பிள்ளை மாதிரி இருந்தது. அண்ணி வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு போனாள். அழுகையை அடக்க யாரும் அப்படிப் பொத்துவதில்லை.

இஞ்சின் இறுகிப் போயிருந்தது. குஷன் கடைக்கு எதிரில் ஒரு மெக்கானிக் இருக்கிறார், அதிகம் பேச மாட்டார் என்பதால் தெருவே அவரை சைலன்சர் என்று கூப்பிடும். அவர் வந்து பிளக்கைக் கழற்றினார், உள்ளே எண்ணெய் ஊற்றினார், 'ஊறட்டும்' என்றார், போய்விட்டார். வாரக் கணக்கில் ஊறியது. தினமும் அக்கா இஞ்சினின் பக்கவாட்டில் இருந்த சுழல்சக்கரத்தைப் பிடித்து ஒருமுறை திருகிப் பார்ப்பாள். ஒருநாள் காலையில் அது ஒரு விரற்கடை நகர்ந்தது. அக்கா என்னைக் கூப்பிடாமல், பல் விளக்கிக்கொண்டிருந்த என் தோளில் வந்து குத்தினாள். அதுதான் அவளுடைய சந்தோஷம்.

பெட்ரோல் டேங்க் உள்ளே முழுக்கத் துரு. அதற்குள் பழைய நட்டுகளையும் ஒரு துண்டுச் சங்கிலியையும் போட்டுக் குலுக்கினால் துரு உதிரும் என்று சைலன்சர் சைகையில் சொன்னார். குலுக்கியது யார்? நான்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் டேங்கைத் தாலாட்டினேன். கார்புரேட்டரைச் சைலன்சர் கழுவிப் பூட்டினார், பெல்ட்டை மாற்றினார். இஞ்சினைக் கிளப்பும் கயிற்றைச் சுண்டி இழுத்தபோது முதலில் இருமி, பிறகு கரும்புகை கக்கி, பிறகு ஒரே சீராக ஓடியது. சைலன்சர் அன்றைக்குச் சிரித்ததை நான் பார்த்தேன். அக்கா புது இருக்கையில் ஏறி உட்கார்ந்து, டிராக்டர் செங்கல் அடுக்கின் மேல் நின்றபடியே, சும்மா கியரை மாற்றிக்கொண்டிருந்தாள். செங்கல் எதற்கு என்றால், ஓடுகிற நிலையில் சக்கரங்கள் இல்லை. இனிமேல்தான் உண்மையான தலைவலி.

பழைய பின்டயர்களைப் பிரித்தபோது உள்ளிருந்து பழுப்புத் தண்ணீர் கொட்டியது. வண்டி மண்ணில் நன்றாகப் பதிந்து இழுக்க எடை வேண்டும் என்று சிலர் டயருக்குள் உப்புத் தண்ணீர் நிரப்புவார்களாம். பங்களாக்காரரும் நிரப்பியிருக்கிறார். உப்பு, இரும்பு வளையத்தை உள்ளிருந்தே தின்றுவிட்டது. விரலால் அழுத்தினால் விரல் அந்தப் பக்கம் வந்தது. வெல்டிங் கடையில் கொடுத்து, நல்லதாக இருந்த நடுத்தட்டை வெட்டி எடுத்துப் புது வளையத்தில் பற்றவைத்து வாங்கினோம். நீயும் தண்ணீர் நிரப்பப் போகிறாயா என்று வெல்டர் கேட்டதற்கு, 'என் எடையே போதும்' என்றாள் அக்கா.

டயரின் பக்கவாட்டில் எண்கள் எழுதியிருக்கும். முதல் எண் டயரின் உயரம், அடுத்தது அகலம், கடைசி எண் உள்ளே உட்காரும் இரும்பு வளையத்தின் விட்டம். எங்கள் டயரில் எல்லாம் தேய்ந்து மொழுக்கையாக இருந்தன. அக்கா ஒரு செய்தித்தாளை அதன் மேல் விரித்து நீலச் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்தாள். மேடு மட்டும் நீலமாகத் தெரிந்தது. இருபத்து மூன்று, எட்டரை, பன்னிரண்டு. அந்தக் காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பினாள்.

முன்சக்கரம் சுலபமாகக் கிடைத்தது. சரக்குத் தள்ளுவண்டிக்குப் போடும் டயர் இரண்டு சரியாகப் பொருந்தின. பின்சக்கரத்துக்குத்தான் நாய் படாத பாடு. ஒரு பெரிய கடையில் அந்த எண்ணைச் சொன்னதும், அப்படி ஒரு டயரே உலகத்தில் இல்லை என்றார் உரிமையாளர். இல்லாத டயர் என் வீட்டில் இரண்டு கிடக்கிறது, கொண்டுவந்து காட்டட்டுமா என்று கேட்டாள். இன்னொரு கடையில் மைதானத்து வண்டி டயரைக் காட்டினார்கள். அளவு சரி, ஆனால் தரையில் படும் பக்கம் வழவழவென்று புல்லுக்கு வலிக்காமல் ஓடுகிற வகை. எங்களுக்கு மண்ணைக் கவ்விப் பிடிக்கிற பற்கள் வேண்டும், அம்பு முனை மாதிரி இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் தடித்த பற்கள். மூன்றாவது கடையில் பல்லும் இருந்தது, வளைய அளவும் சரி. அகலம் மட்டும் கூடுதல்.

"கொஞ்சம் அகலமா இருந்தா நல்லதுதான், இன்னும் பிடிமானம் இருக்கும். எடுத்துட்டுப் போங்க" என்றார் அந்தக் கடைக்காரர்.

"நல்லதுதான். எங்க வீட்டுத் தூண்கிட்ட நீங்க வந்து சொல்லுங்க, அது கொஞ்சம் நகர்ந்துக்கட்டும்" என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு ஒரு வேலை செய்தாள். இருக்கைக்கு மாதிரி வெட்டுவதுபோல, தடித்த அட்டையில் டயரின் குறுக்குவடிவத்தை வெட்டினாள். இன்னோர் அட்டையில் கதவின் அகலத்தைக் குறித்தாள். இரண்டையும் தோளில் மாட்டிக்கொண்டு, நல்ல தோளில்தான், கடை கடையாக ஏறி இறங்கினாள். எண்ணைச் சொன்னால்தானே இல்லை என்கிறார்கள், இப்போது அவளே உள்ளே போய் ஒவ்வொரு டயராக அட்டையை வைத்துப் பார்த்தாள். பஸ்ஸில் அவளைப் பார்த்தவர்கள் ஏதோ நாடகக் கம்பெனி என்று நினைத்திருப்பார்கள்.

மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் வாரம் ஒருமுறை போன் செய்து அக்காவின் தோளைப் பற்றி விசாரிப்பார். டயரைப் பற்றிக் கேட்க மாட்டார், கேட்டால் அக்கறை இருப்பதாகிவிடும். இரவில் அக்கா சாப்பாட்டில் கைவைத்தபடி வானத்தைப் பார்ப்பாள். அவள் பயப்படுவதை நான் அப்போதுதான் முதல்முறை பார்த்தேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தட்டு என் மேல் வந்திருக்கும்.

கடைசியில் அட்டை பொருந்தியது, பக்கத்து ஊரில் விவசாயக் கருவிகள் விற்கும் ஒரு கடையின் மாடிப்படிக்கு அடியில். யாரோ பழத்தோட்டக்காரர் கேட்டு வரவழைத்து, அவர் திரும்பி வராமலே போய், அங்கேயே தங்கிவிட்ட ஜோடி. அக்கா பற்களுக்கு நடுவில் நகத்தை விட்டுப் பார்த்தாள், ரப்பரை வளைத்துப் பார்த்தாள், வெடிப்பு இருக்கிறதா என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். ஒரு மாப்பிள்ளை வீட்டார்கூட அவ்வளவு பார்த்திருக்க மாட்டார்கள். பழைய சரக்குதான், ஆனால் உயிர் இருந்தது. உயரம் சரி, வளையம் சரி, அகலம் அட்டைக்குள் அடங்கியது. டயரை நடுவில் வைத்துக்கொண்டு பஸ்ஸின் பின்னிருக்கையில் வந்தோம். கண்டக்டர் அவற்றுக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னார், அக்கா எடுத்தாள். அன்றைக்கு அவளிடம் சண்டை போடத் தெம்பில்லாத அளவுக்குச் சந்தோஷம் இருந்தது.

பஞ்சர் கடையில் மாட்டினோம். இந்த வகை டயர் எந்தத் திசையில் உருள வேண்டும் என்று அதன் பக்கவாட்டில் ஓர் அம்பு இருக்கும். எந்தப் பக்கச் சக்கரம் எப்படி உருளும் என்று அக்காவே வளையத்தில் சாக்பீஸால் அம்பு போட்டுக் கொடுத்தாள். கடைக்காரர் டயரின் அம்பும் சாக்பீஸ் அம்பும் ஒரே திசையில் வரும்படி வைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, நெம்பி மாட்டினார். திசையைச் சரியாகப் பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டார்.

"நான் இடது வலது மாத்தி வெட்டின சீட் ஒண்ணு கொண்டுவந்து காட்டு, அப்புறம் கேளு" என்றாள் அக்கா. அவர் காற்றடிக்க ஆரம்பித்தார்.

தெருவில் ஓட்டிப் பார்த்தோம், அழகாக ஓடியது. தூண்களுக்கு நடுவே இரண்டு பக்கமும் ஒரு விரல் இடைவெளியில் நுழைந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் தூணுக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு உள்ளே போனார். பூசணிக்கொடியையும் காய்ந்த செடிகளையும் முன்பே வெட்டி ஒதுக்கியிருந்தோம். அன்று இரவே வானம் இருண்டது.

மழை விட்ட மறுநாள் காலையில் அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். கிடங்குக்காரர் தன் சுவரின் மேலாக எட்டிப் பார்த்தார், பிறகு ஏணி வைத்து இறங்கியே வந்துவிட்டார். மொட்டை மாடிகளில் ஆட்கள். சைலன்சரும் வந்து சந்தின் ஓரமாக நின்றுகொண்டார். அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கொண்டையில் ஊசியோடு, கருநீல இருக்கையில் ஏறினாள். கலப்பையை இறக்கினாள். முதல் சில அடி மண் கறுப்பாகப் புரண்டு வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அப்புறம் நின்றுவிட்டது. வண்டி நின்றது, சக்கரம் மட்டும் சுற்றியது. டயர்ப் பற்களுக்கு நடுவே மண் அப்பி, பல்லே தெரியாமல் உருண்டையாகிவிட்டது. அக்கா கலப்பையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள், ஆக்ஸிலரேட்டரை முறுக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் வண்டி இன்னும் கீழே இறங்கியது. மாடியில் யாரோ சிரித்தார்கள். கிடங்குக்காரர், தன் ஆட்களை அனுப்பினால் ஐந்து நிமிஷத்தில் வெளியே இழுத்துவிடுவார்கள் என்றார். அவர் குரலில் நல்ல மனசு இருந்தது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அண்ணன் சேற்றில் இறங்கி அக்காவின் பக்கத்தில் போனார். "போதும்மா. நீ பண்ணினதே பெரிசு. இறங்கு" என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே சொன்னார்.

"யாரும் வண்டியில கை வைக்கக் கூடாது" என்றாள் அக்கா, அவரைப் பார்க்காமல்.

கலப்பையை முழுவதும் மேலே தூக்கினாள். வந்த வழியே வெளியேறிவிடலாம் என்று பின்பக்கக் கியரைப் போட்டாள். போட்டதுதான் தாமதம், அத்தனை நேரம் புதைந்து கிடந்த வண்டி ஒரே இழுப்பில் பின்னால் வந்தது. பற்களில் அப்பியிருந்த மண் பக்கவாட்டில் பிய்ந்து விழுந்தது. அண்ணன் குதித்து ஒதுங்கினார்.

அக்கா இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினாள். டயர் பதித்துவிட்டு வந்த தடத்தைப் பார்த்தாள், டயரைப் பார்த்தாள், திரும்பத் தடத்தைப் பார்த்தாள். அம்பு வடிவப் பல்லின் கூர்முனை முதலில் மண்ணில் இறங்க வேண்டும், விரிந்த கைகள் பிறகு. அப்போதுதான் மண் இரண்டு பக்கமும் வழிந்து போகும். எங்கள் டயரில் முன்னால் போகும்போது கைகள் முதலில் இறங்கி, மண்ணை நடுவில் அள்ளி அப்பிக்கொண்டன. பின்னால் வரும்போது மட்டும் சரியாகக் கவ்வியது. இரண்டு சக்கரமும் தலைகீழ்.

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். மாடியில் சிரித்தவர்கள் நிறுத்தும் அளவுக்குச் சிரித்தாள். பஞ்சர் கடையில் சக்கரங்கள் வெளிப்பக்கம் மேலாகத்தான் கிடந்தன. அப்படியே பார்த்து அம்பு போட்டிருந்தால் போதும். ஆனால் சாக்பீஸைக் கையில் எடுத்தாலே திருப்பிப் போட்ட ரெக்ஸினில் குறிப்பதாக நினைத்துக்கொள்கிற கை அது. பழக்கத்தில் இடதை வலதாக்கிவிட்டது. வாழ்நாள் முழுவதும் தப்பே செய்யாத முறையால், தப்புச் செய்திருக்கிறாள்.

"என் கைதான்டி. வேற யாரும் இல்ல. ஜாக்கியை எடுத்துட்டு வா" என்றாள் என்னிடம். தப்பு தன்னுடையது என்றதும் அவளுக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. தான் செய்த தப்பைத் தானே சரிசெய்யலாம் அல்லவா? டயரைக் கழற்றக்கூட வேண்டாம். இடது சக்கரத்தை வலதுக்கும் வலது சக்கரத்தை இடதுக்கும் மாற்றிவிட்டால் இரண்டும் நேராகிவிடும்.

ஈர மண்ணில் ஜாக்கி புதையாமல் இருக்கப் பலகை போட்டேன். நட்டுகளை அவள் ஸ்பேனரை மாட்டிக் காலால் மிதித்துத் திறந்தாள். சக்கரத்தை அச்சிலிருந்து எடுத்து உருட்டிவிடலாம், ஆனால் அந்தப் பக்கம் தூக்கி மாட்ட வேண்டும். அவள் வலது கை தோளுக்கு மேல் எழாது. அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து சக்கரத்தில் கை வைத்தார்.

"விடுண்ணா."

"அட, தூக்கித்தானே குடுக்கறேன்."

"நீ தூக்கினா நாளைக்கு நீ உழுததாத்தான் ஆகும். விடு."

அண்ணன் கையை எடுத்துவிட்டார். அக்கா ஒரு பலகையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, மறுமுனையில் தன் இடுப்பை வைத்து அழுத்தினாள். சக்கரம் எழுந்து அச்சின் உயரத்துக்கு வந்தது. இடது கையால் துளையைப் பார்த்து நட்டை மாட்டினாள். முகமெல்லாம் வேர்வை, கழுத்து நரம்பு தெரிந்தது, ஒருமுறை பலகை நழுவிச் சக்கரம் அவள் பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். அக்கா ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள், எங்கள் அப்பா உயிரோடு இருந்தபோது சொல்வது. மறுபடியும் பலகையைக் கொடுத்தாள். இரண்டாவது சக்கரத்தையும் அப்படியே மாட்டினாள். சைலன்சர் வந்து குனிந்து ஒவ்வொரு நட்டையும் பார்த்துவிட்டு, "ம்" என்றார்.

கயிற்றைச் சுண்டினாள், கலப்பையை இறக்கினாள், முன்பக்கக் கியரைப் போட்டாள். வண்டி அந்தக் குழியை ஏறிக் கடந்தது. சேற்றைப் பக்கவாட்டில் உதறிக்கொண்டு, சுவர் வரை போய்த் திரும்பி வந்தது. ஒரு வரி, அடுத்த வரி. மாடியில் ஆட்கள் குறைந்தார்கள், எங்கள் தோல்வியைப் பார்க்க வந்தவர்களுக்கு வேறு வேலை இருந்தது. கிடங்குக்காரரின் முளைகள் வழியில் வந்தன. அவள் ஒதுங்கிப் போகவில்லை, வேகத்தைக் கூட்டவும் இல்லை. கலப்பை அவற்றை ஒவ்வொன்றாகப் பெயர்த்துப் போட்டது. நூல் கலப்பையில் சுற்றிக்கொண்டது. நான் பின்னாலேயே நடந்து முளைகளைப் பொறுக்கிக்கொண்டு போனேன்.

நிலம் முழுவதும் முடிந்தது. ஒரு மூலையில் ஒரே ஒரு முளை மட்டும் மிச்சம், தக்காளிப் பாத்தி இருந்த இடத்தில், முதலில் அடித்த முளை. அக்கா அதன் முன்னால் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினாள். இஞ்சினையும் நிறுத்தினாள். அந்த அமைதியில் கிடங்குக்காரர் தன் ஏணிப் பக்கமாக நகர்வது கேட்டது.

"அண்ணா, இதை மட்டும் நீ பிடுங்கு" என்றாள்.

அண்ணன் அவளைப் பார்த்தார். கிடங்குக்காரரையும் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, புதிதாக உழுத மண்ணில் கணுக்கால் புதைய நடந்து வந்தார். முளை ஈரத்தில் நன்றாக இறங்கியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி, மூச்சுப் பிடித்து இழுத்துப் பிடுங்கினார். மண் ஒட்டிய முளையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"இதை எங்கே போட?" என்று கேட்டார். அந்த நிலத்தைப் பற்றி அண்ணன் வாய் திறந்தது அதுதான் கடைசி.

"போடாதே, குடு" என்று அக்கா இடது கையை நீட்டினாள். "தக்காளிக்குக் கொம்பு வேணும்."